வீட்டிலேயே உடற்பயிற்சி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு பாடம்

 

நம் பள்ளிவாசல்களில் ஸஃப்புகளின் ஓரத்தில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருகின்றன. வீடுகளிலும் அப்படித்தான். ஐம்பது வயதைத் தாண்டிய தாய்மார்கள் பலர் கட்டில் ஓரத்தில் அமர்ந்து தொழுகிறார்கள். இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; அதன் சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் இன்று நாற்பது வயதில் இருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகளில் யார் கையையும் பிடிக்காமல் சஜ்தாவிலிருந்து எழுந்து நிற்க நமக்கு முடியுமா?

முடிய வேண்டுமானால் தொடைக்கும் இடுப்புக்கும் இப்போதே வேலை கொடுக்க வேண்டும். ஜிம்முக்குப் போகவும் விலை உயர்ந்த கருவி வாங்கவும் தேவையில்லை. ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு பாய், இரண்டு தண்ணீர் பாட்டில் போதும். நம் உடம்புக்கும் வீட்டுக்கும் நேரத்துக்கும் ஏற்ற முறையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இந்தப் பாடம்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே?

பெண்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. காலை முதல் இரவு வரை நிற்கிறோம், நடக்கிறோம், இதற்கு மேல் தனியாக எதற்கு என்கிறார்கள்.

வீட்டு வேலை வீண் போவதில்லை. மூச்சு சற்று வாங்கும் அளவுக்குச் செய்யும் எந்த வேலையும் உடலுழைப்புக் கணக்கில் சேரும். ஆனால் ஆட்டுக்கல்லும் அம்மியும் போய் கிரைண்டரும் மிக்சியும் வந்துவிட்டன. கிணற்றில் நீர் இறைத்த கை இப்போது குழாயைத் திறக்கிறது. மீதமிருப்பது பெரும்பாலும் அடுப்படியில் ஒரே இடத்தில் நிற்கும் வேலை. அதில் கால் வலிக்கும், களைப்பு வரும்; இதயத்துக்கும் தசைக்கும் தேவையான உழைப்பு கிடைக்காது. கடையில் கல்லாவில் உட்காரும் ஆண்களின் நிலையும் இதுதான்.

2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் இந்தியப் பெண்களில் 57 விழுக்காடு. ஆண்களில் 42 விழுக்காடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன் மதிப்பீட்டில் நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் உடற்பயிற்சி மிக அவசரம். அவர்களில் பலருக்குத் தங்கள் நிலையே தெரியாது.

சென்னையிலிருந்து இரண்டு பாடங்கள்

சாதாரண மக்களுக்கு இதனால் பலன் உண்டா என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவைச் சீர் செய்து, நாளுக்கு அரை மணி நேரம் நடக்கும்படி அறிவுரை பெற்றவர்களில் அது நூற்றுக்கு 39 ஆகக் குறைந்தது. முன்பே உடல் உழைத்தவர்களிடம் அதையே தொடருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே முறை என்று வைக்காமல், அவரவர் நிலையிலிருந்து தொடங்கியதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, சென்னை ஆசியாட் குடியிருப்பு. அங்கே எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதை மருத்துவர் வி. மோகனின் குழு ஆய்வு செய்து மக்களிடம் சொன்னது. குடியிருப்பவர்கள் தாங்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பு நூற்றுக்கு 14 பேர். பிறகு அது 58 ஆக உயர்ந்தது. பக்கத்து வீட்டார் நடப்பதைப் பார்க்கும்போது நமக்கும் கால் எழும்புகிறது. ஒரு தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

மார்க்கம் காட்டும் வழி

உடம்பு நம் சொத்து அன்று. அல்லாஹ் தந்த அமானிதம். இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த தோழர் ஒருவரிடம், உங்கள் உடம்புக்கும் உங்கள் மேல் உரிமை உண்டு என்பதை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதலில் அன்னையார் முந்தியதும், பிற்காலத்தில் நபியவர்கள் முந்தியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. பெண்ணுக்கு ஓட்டமும் பயிற்சியும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது போதுமான பதில்.

அமல்களில் சிறிதானாலும் தொடர்ந்து செய்வதே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பது அன்னையார் வழியாகவே நமக்கு வந்த போதனை. பயிற்சிக்கும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் ஒரு மணி நேரம் செய்து மூன்றாம் நாள் விட்டுவிடுவதை விட, பத்து நிமிடத்தை மூன்று மாதம் விடாமல் செய்வது மேல்.

தொடங்கும் முன்: யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

கீழ்க்கண்டவர்கள் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நடக்கும்போது நெஞ்சு வலி, நெஞ்சு இறுக்கம், மயக்கம் வருபவர்கள். இதய நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள்.

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள். இவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே நிறுத்திச் சர்க்கரை கலந்த நீர் குடிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது.

கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவித்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கென ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறார்கள். அளவு மீறிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை படிவதோடு எலும்பும் மூட்டும் இறுகும்; கழுத்தும் முதுகும் வளைய மறுக்கும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரையே பல காலம் குடித்து வளர்ந்தவருக்கு முதுகோ கழுத்தோ விறைப்பாக இருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். இழுத்து வளைக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டி, இயன்முறை சிகிச்சையாளர் சொல்லும் அசைவுகளை மட்டும் செய்யுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் நீரையே பயன்படுத்துங்கள்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செலவு செய்ய வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பரிசோதிக்கிறார்கள். நடமாட முடியாதவருக்கு இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உங்கள் நிலையை நீங்களே அறிய மூன்று சோதனைகள்

முதலாவது, நாற்காலிச் சோதனை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். கைகளை நெஞ்சின் மேல் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை தடவை முழுவதுமாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண்கள் 14-க்கும், பெண்கள் 12-க்கும் குறைவாகச் செய்தால் கால் வலு குறைவு என்று கொள்வார்கள். இளையவர்கள் இதை விட அதிகம் செய்ய வேண்டும்.

இரண்டாவது, பேச்சுச் சோதனை. பத்து நிமிடம் விறுவிறுப்பாக நடங்கள். பேச முடிய வேண்டும், ஆனால் மூச்சு விடாமல் நீளமாக ஓத முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். இதுவே மிதமான வேகம். சாதாரணமாக ஓத முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம்.

மூன்றாவது, சமநிலைச் சோதனை. சுவரருகே நின்று, தேவைப்பட்டால் பிடிக்கும் தூரத்தில் கையை வைத்து, ஒரு காலைச் சற்றுத் தூக்குங்கள். 10 விநாடி நிற்க முடியாவிட்டால் உங்கள் பயிற்சியில் சமநிலைக்கு முதலிடம் கொடுங்கள். வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதைத் தடுக்க இது உதவும்.

மூன்று எண்களையும் தேதியுடன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எடைக்கருவி பல வாரம் அசையாமல் இருக்கலாம். இந்த எண்கள் அதற்கு முன்பே மாறத் தொடங்கும்.

ஆறு பயிற்சிகள்

கீழே பாய் அல்லது ஜமக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். தொழுகை விரிப்பு வழவழப்பான தரையில் நழுவும், இதற்கு வேண்டாம். மூச்சை அடக்காதீர்கள். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக ஓடும்.

1. உட்கார்ந்து எழுதல்: நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். தொடைக்கான முதன்மைப் பயிற்சி இது. தரையிலிருந்து எழும் வலு இதில்தான் வருகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் இருக்கையின் மேல் கெட்டியான தலையணை வைத்து உயரத்தைக் கூட்டலாம். முதல் இரு வாரம் கையை ஊன்றியும் எழலாம்.

2. சுவர் தள்ளல்: சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் பதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்புங்கள். கைக்கும் நெஞ்சுக்கும் வலு.

3. இடுப்பு உயர்த்தல்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பை மட்டும் உயர்த்தி மூன்று எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் வேண்டாம்.

4. பாட்டில் இழுத்தல்: ஒரு கையால் சுவரோரம் உள்ள மேசையைப் பிடித்துச் சற்றுக் குனிந்து, மறு கையில் ஒரு லிட்டர் நீர் பாட்டிலைப் பிடித்து இடுப்பு வரை இழுத்து இறக்குங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. தையல் மிஷினிலோ கல்லாவிலோ குனிந்து கூன் விழுந்த முதுகுக்கு நல்லது.

5. குதிகால் உயர்த்தல்: நாற்காலியின் முதுகைப் பிடித்து, இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் வலுவடையும்.

6. ஒற்றைக்காலில் நிற்றல்: சோதனையில் செய்தது போலவே, ஒவ்வொரு காலிலும் 10 விநாடி. 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உழைக்க வேண்டும், இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். முதல் வாரத்திலேயே அதை எட்ட வேண்டியதில்லை.

வாரம் 1, 2: ஐந்து நாள், நாளுக்கு 10 நிமிட நடை. இரண்டு நாள் மேற்கண்ட பயிற்சிகள் ஒரு சுற்று; ஒவ்வொன்றும் 6 தடவை.

வாரம் 3, 4: நடை 15 நிமிடம். ஒரு சுற்று, ஒவ்வொன்றும் 10 தடவை.

வாரம் 5 முதல் 8 வரை: நடை 20 நிமிடம். இரண்டு சுற்று.

வாரம் 9 முதல் 12 வரை: நடை 30 நிமிடம், ஐந்து நாளில் 150 நிமிடம் நிறைந்துவிடும். முடிந்தால் மூன்று சுற்று.

ஒற்றைக்காலில் நிற்பதைத் தடவையாக எண்ணாமல் விநாடியாகக் கூட்டுங்கள். இரண்டு வலுப் பயிற்சி நாட்களுக்கு இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். நடையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும். வெளியே போக வசதி இல்லாத பெண்கள் மொட்டை மாடியிலோ ஹாலிலோ நடக்கலாம். இடம் சிறிதென்றால் எட்டுப் போட்டு நடங்கள். நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி நடந்தாலும் சரிதான்.

எந்த நேரம்?

தனியாக நேரம் தேடினால் கிடைக்காது. ஐந்து வக்துகளில் ஒன்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள், பாங்கே நினைவூட்டும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள தாய்க்கு ஃபஜ்ருக்குப் பிறகு அடுப்படி அழைக்கும். லுஹருக்கு முன், பிள்ளைகள் வீட்டில் இல்லாத பத்து நிமிடம் அவருக்குப் பொருந்தும். கடைக்காரருக்கு ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து சுற்று வழியில் வீடு திரும்புவதே நடை. வெயில் காலத்திலும் அந்த நேரம் இதமானது. சர்க்கரை நோயாளிக்கு இரவு உணவுக்குப் பிறகு 10 முதல் 15 நிமிடம் மெல்ல நடப்பது நல்லது. சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அது மட்டுப்படுத்தும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் காலை விறைப்பு தளர்ந்த பிறகு, அஸரை ஒட்டிச் செய்யலாம்.

ரமலானில் முழுவதும் விட்டுவிட வேண்டாம். பகலில் ஓய்வு; இஃப்தாருக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்து லேசான நடை, ஒரு சுற்றுப் பயிற்சி போதும். தராவீஹில் நிற்பதும் எழுவதும் உடம்புக்கு ஓரளவு அசைவு தருகின்றன.

வலித்தால் என்ன செய்வது?

தொடங்கிய ஓரிரு நாளில் தொடையும் கையும் லேசாக வலிக்கும். அது தசை பழகும் வலி, தானாகத் தணியும். மூட்டில் வலி கூடி மறுநாளும் குறையவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மூட்டு வீங்கினாலோ சூடாக இருந்தாலோ நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

முழங்கால் தேய்மானம் என்று சொல்லிவிட்டார்கள், இனி அசையவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. தொடைத் தசை வலுவானால் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும். அதனால் தேய்மானத்துக்கான சிகிச்சையிலேயே உடற்பயிற்சியும் ஒன்று.

கைபேசியில் வரும் வேகமான குதிக்கும் பயிற்சிகளைப் பார்த்து முதல் நாளே செய்யாதீர்கள். அவை ஏற்கெனவே பழகிய உடம்புக்கானவை. ஏழு நாளில் தொப்பை குறையும் என்று விற்கும் பெல்ட்டுக்கும் பொடிக்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் வழுக்காத ஒரு ஜோடி செருப்போ ஷூவோ வாங்கலாம்.

குடும்பத்தோடு பேச வேண்டியவை

1. நம் வீட்டில் கடைசியாக யார், எப்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டோம்?

2. அம்மாவுக்கு நாளில் எந்தப் பத்து நிமிடம் அவருக்கே உரியது? அந்த நேரத்தில் குழந்தையையும் அடுப்பையும் யார் பார்ப்பது?

3. நாற்காலிச் சோதனையில் ஒவ்வொருவரின் எண்ணிக்கை என்ன? நான்காவது வார முடிவில் அது என்ன ஆயிற்று?

4. நம்மோடு சேர்ந்து தொடங்கக்கூடிய பக்கத்து வீடு எது?

இரண்டாவது கேள்விக்குக் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் பதில் சொல்லட்டும். அந்தப் பத்து நிமிடத்தை யாராவது ஏற்றுக்கொள்ளாவிட்டால் அம்மாவின் பயிற்சி ஒரு வாரத்தில் நின்றுவிடும்.

இன்றே நாற்காலியைச் சுவரோடு போட்டு முதல் எண்ணிக்கையை எழுதிவிடுங்கள். நம் முழங்கால்களுக்கும் முதுகுகளுக்கும் வலுவைத் தந்து, கடைசி வரை அவனுக்குச் சஜ்தா செய்யும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.